ரயில் வரும்போது அல்சூர் மெட்ரோ நிலையத்தின் நடைமேடை அதிர்கிறதே, அது ஆபத்தா?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். திருநெல்வேலியிலிருந்து வேலைக்காகப் பெங்களூர் வந்து, ஆறு மாதமாக அல்சூரில் குடியிருக்கிறீர்கள். தினமும் அங்குள்ள மெட்ரோ நிலையத்தில் ஏறுகிறீர்கள். ரயில் உள்ளே நுழையும்போதும் கிளம்பும்போதும் நடைமேடை காலடியில் நடுங்குகிறது. எதிர்ப்பக்கத்து ரயில் வந்தாலும் நடுங்குகிறது. ஊரிலிருந்து வந்திருக்கும் உங்கள் அம்மா அந்த நடுக்கத்தை ஒருமுறை உணர்ந்தபின், இனி அந்தப் படியேற மாட்டேன் என்று ஆட்டோவிலேயே போய்வருகிறார். மெஜஸ்டிக்கில் பூமிக்கடியில் நின்றால் தரை அசைவதே இல்லையே, அப்படியென்றால் தூண்மேல் கட்டிய நிலையங்கள் பலவீனமானவையா என்று கேட்டிருக்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் அடங்கியிருக்கின்றன: நடுக்கம் பலவீனத்தின் அடையாளமா, மேலே நடுங்குவது கீழே ஏன் நடுங்கவில்லை, உண்மையிலேயே பலவீனம் இருந்தால் அது எப்படித் தெரியவரும். மூன்றாவது கேள்வியை நீங்கள் வாய்விட்டுக் கேட்கவில்லை. ஆனால் உங்கள் அம்மாவின் பயம் அங்கேதான் இருக்கிறது.

நான் கட்டடப் பொறியாளன். இருபத்தாறு ஆண்டுகளாகப் பாலங்களோடுதான் என் பிழைப்பு. முதல் எட்டு ஆண்டுகள் மும்பையில், பிறகு பெங்களூரில். வரைபடங்களைச் சரிபார்ப்பது, கட்டி முடித்த பாலங்களின் தாங்கிகளையும் இணைப்புகளையும் ஏறிப் பார்த்து அறிக்கை எழுதுவது என்பதாக வேலை. ஆனால் பெங்களூர் மெட்ரோவான நம்ம மெட்ரோவின் எந்தப் பகுதியிலும் நான் பணியாற்றியதில்லை. அந்த நிலையத்தை உங்களைப்போலப் பயணியாகத்தான் அறிவேன். ஆகவே பொறியியல் பொதுவாகச் சொல்வதை உறுதியாகச் சொல்வேன். ஒரு குறிப்பிட்ட தூணுக்கோ உத்திரத்துக்கோ நற்சான்று தரும் நிலையில் நான் இல்லை. ஏறிப் பார்க்காமல் அப்படிச் சான்று தருகிற பொறியாளரை நீங்கள் நம்பவும் கூடாது.

முதல் கேள்விக்குப் பதில், இல்லை என்பதுதான். நடுக்கம் தன்னளவில் பலவீனத்தின் அடையாளம் ஆகாது. கான்கிரீட்டைக் கல்லைப்போல அசையாத பொருளாக நினைத்துப் பழகிவிட்டோம். உண்மையில் அதுவும் இரும்பைப்போலவே சுமை ஏறினால் சிறிது வளைந்து, சுமை இறங்கியதும் பழைய நிலைக்குத் திரும்பும் பொருள்தான். ஆறு பெட்டிகள் கொண்ட ரயில் ஒன்று நெரிசல் நேரத்தில் முன்னூறு டன்னைத் தாண்டும். அவ்வளவு எடை உருண்டு வந்து நிற்கும்போது அதைத் தாங்கும் உத்திரம் சில மில்லிமீட்டர் கீழே போகாமல் இருந்தால்தான் நான் வியப்பேன். உங்கள் ஊரில் ஆனித் திருவிழாவின்போது தேர் திரும்பும் முக்கில் திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். வடம் பிடிப்பவர்களின் சத்தம் காதுக்கு வரும் முன்பே திண்ணையில் அதிர்வு வந்துவிடும் என்பார்கள். அதை வைத்து வீடு இடியப்போகிறது என்று யாரும் எழுந்து ஓடுவதில்லை, ஏனென்றால் அதிர்வுக்குக் காரணமான தேர் கண்முன்னே வருகிறது. நடைமேடையில் நிற்கும்போது காரணம் கண்ணுக்குத் தெரியாத இடத்தில், தரைக்கு அடியில் நடக்கிறது. பயத்தின் பாதி அதனால் வருவது.

எவ்வளவு வளையலாம் என்பதற்குக் கணக்கு உண்டு. இத்தகைய மேம்பாலங்களில் ஒரு தூணுக்கும் அடுத்த தூணுக்கும் இடையே பெரும்பாலும் 25 முதல் 30 மீட்டர் இருக்கும். நகரும் சுமையால் உத்திரம் வளைவது அதன் நீளத்தில் எண்ணூறில் ஒரு பங்குக்கு மேல் போகக்கூடாது என்பது பாலப் பொறியியலில் பரவலாகக் கையாளப்படும் வரம்பு. 28 மீட்டர் உத்திரத்துக்கு அது 35 மில்லிமீட்டர். முன்கூட்டியே இழுத்துக் கட்டிய எஃகு வடங்களோடு வார்க்கப்படும் பிரீஸ்ட்ரெஸ்டு கான்கிரீட் உத்திரங்கள் நடைமுறையில் அதில் ஒரு சிறு பகுதிதான் வளையும். இப்படி வரம்பு வைப்பதற்கு உடைந்துவிடும் என்ற அச்சம் முதற்காரணம் அல்ல. தண்டவாளம் சமமாக இருக்க வேண்டும், பயணிக்கு அசௌகரியம் இருக்கக்கூடாது என்பவைதான் முதற்காரணங்கள். உடையும் நிலை அதைவிட வெகுதொலைவில் இருக்கிறது.

அப்படியானால் சில மில்லிமீட்டர் அசைவு இவ்வளவு பெரிதாக உணரப்படுவது ஏன்? நம் உடம்பு அமைந்திருக்கும் விதம்தான் காரணம். மேலும் கீழுமான அசைவை, அது நொடிக்கு நான்கு முதல் எட்டு முறை நிகழும்போது மனித உடல் மிக நுட்பமாக உணர்கிறது. அந்த வேகத்தில் வயிறும் மார்பும் தாமாகவே சேர்ந்து அதிரும். பக்கவாட்டு அசைவென்றால் நொடிக்கு ஒன்று இரண்டு முறை ஆடுவதே போதும். இருபத்தைந்து, முப்பது மீட்டர் நீளமுள்ள கான்கிரீட் உத்திரம் தன் இயல்பில் நொடிக்கு மூன்று முதல் ஐந்து முறை அதிரக்கூடியது. அதாவது பாலத்தின் சுருதியும் நம் உடம்பின் சுருதியும் ஏறத்தாழ ஒன்றாக அமைந்துவிட்டன. ஈர்ப்பு விசையில் அறுநூறில் ஒரு பங்குக்கும் குறைவான முடுக்கத்தை, அமைதியாக நிற்கும் ஆரோக்கியமான மனிதர்களில் பாதிப்பேர் உணர்ந்துவிடுவார்கள் என்பது ஆய்வகங்களில் பலமுறை சோதித்த செய்தி.

கட்டடத்துக்குச் சேதம் வரும் அளவு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். அதிர்வை அளக்கும் வழக்கமான அளவு, தரையின் துகள் நொடிக்கு எத்தனை மில்லிமீட்டர் வேகத்தில் அசைகிறது என்பது. நொடிக்கு 0.3 மில்லிமீட்டர் இருந்தால் வீட்டில் இருப்பவர் உணர்ந்துவிடுவார். 1 மில்லிமீட்டரைத் தொட்டால் புகார் கொடுப்பார். ஜெர்மானியத் தரநிலையான டிஐஎன் 4150, மெதுவான அதிர்வெண்களில் வரும் குறுகிய நேர அதிர்வுக்கு, சாதாரணக் குடியிருப்புகளின் அடித்தளத்தில் 5 மில்லிமீட்டர் வரையிலும், தொழிற்கூடங்கள் போன்ற உறுதியான கட்டடங்களில் 20 மில்லிமீட்டர் வரையிலும் சேதம் எதிர்பார்ப்பதில்லை. பாதுகாக்க வேண்டிய பழங்கட்டடங்களுக்குக்கூட 3 மில்லிமீட்டர் என்று வைத்திருக்கிறது. அல்சூர் சோமேசுவரர் கோயிலைப் போன்ற பழைய கற்கோயிலுக்குத் தரும் மிகக் கண்டிப்பான வரம்பே, ஒரு மனிதர் உணரத் தொடங்கும் அளவைப்போலப் பத்து மடங்கு. இங்கே ‘சேதம்’ என்பது பூச்சில் மயிரிழை விரிசல் விழுவதைக் குறிக்கும். தூண் சாய்வதை அல்ல. உங்கள் கால் உணரத் தொடங்கும் இடத்துக்கும் கட்டடம் கவலைப்படத் தொடங்கும் இடத்துக்கும் நடுவே இவ்வளவு தூரம் இருக்கிறது.

நிலையத்தின் அமைப்பைக் கொஞ்சம் பார்த்தால் மற்றவை எளிதாக விளங்கும். பையப்பனஹள்ளியிலிருந்து எம்.ஜி. ரோடு வரையிலான 6.7 கிலோமீட்டர் பகுதிதான் பெங்களூரில் முதலில் திறக்கப்பட்டது, 2011 அக்டோபர் 20 அன்று. அறிவிப்புகளில் ஹலசூரு என்று வரும் உங்கள் நிலையம் அந்த முதல் ஆறு நிலையங்களில் ஒன்று. நாமெல்லாம் அல்சூர் என்றுதான் சொல்லிக்கொண்டிருக்கிறோம். சாலைக்கு மேலே சீட்டு வாங்கும் தளம், அதற்கு மேலே ரயில் நிற்கும் தளம், நடுவில் இரண்டு தண்டவாளப் பாதைகள், இரு பக்கமும் நடைமேடைகள். மின்சாரம் தலைக்கு மேலே கம்பியாகப் போகாமல், பாதையோரம் மூன்றாவது தண்டவாளமாக 750 வோல்ட்டில் போகிறது. உயரத்தில் கட்டும் நிலையங்களைத் தாங்க இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தண்டவாளத்தைச் சுமக்கும் தூணே இரு கைகளையும் நீட்டி நடைமேடையையும் சீட்டுத் தளத்தையும் சேர்த்துச் சுமப்பது. மற்றொன்று, ரயில் பாதை தனித் தூண்களில் நடுவே போக, நிலையக் கட்டடம் அதைத் தொடாமல் இருபுறமும் வேறு தூண்களில் நிற்பது. முதல் வகையில் ரயிலின் அசைவு நேராக நடைமேடைக்கு வரும். இரண்டாம் வகையில் மிகக் குறைவாகவே வரும். சாலை நடுவே தூணுக்கு மட்டுமே இடம் கிடைக்கும் நகரங்களில் முதல் வகையைத் தவிர்ப்பது கடினம். இரண்டுமே முறையான வடிவமைப்புகள்தான். ஒருநாள் சாலையில் நின்று அண்ணாந்து பார்த்து, நடைமேடையும் தண்டவாள உத்திரமும் ஒரே கைமேல் உட்கார்ந்திருக்கின்றனவா, அல்லது நடுவே இடைவெளி தெரிகிறதா என்று கவனியுங்கள். நீங்கள் உணரும் அதிர்வின் பெரும்பகுதிக்கு விளக்கம் அந்த ஒரு பார்வையிலேயே கிடைத்துவிடும். எதிர்ப்பக்க ரயிலுக்கு உங்கள் பக்கம் ஏன் அசைகிறது என்பதற்கும் அதுவே பதில்: ஒரே தூணின் இரு கைகள் என்றால் காவடியின் ஒரு முனையில் பாரம் ஏற மறுமுனை அசைவதைப் போன்றதுதான்.

இரண்டு நிலையங்களுக்கு நடுவிலுள்ள பாலத்தைவிட நிலையத்தில் அதிர்வு கூடுதலாகத் தோன்றுவதற்கு வேறு காரணமும் இருக்கிறது. ரயில் பிரேக் பிடிப்பதும் வேகமெடுப்பதும் நிலையத்தில்தான். முன்னூறு டன் எடையை இருபது விநாடிகளில் நிறுத்தும்போது அந்த விசை தண்டவாளத்தின் வழியாக உத்திரத்துக்கும், உத்திரத்திலிருந்து தூணுக்கும் கிடைமட்டமாகப் போகும். தூணின் தலை மிக லேசாக முன்னும் பின்னும் ஆடும். குறுக்களவு ஒன்றாகவே இருந்தால், உயரம் இரண்டு மடங்கான தூண் எட்டு மடங்கு எளிதாக வளையும் என்பது பாடப்புத்தகக் கணக்கு. அதனால்தான் உயரம் கூடக்கூடத் தூணைத் தடிப்பாக்குகிறார்கள். 2025 ஆகஸ்டில் திறந்த மஞ்சள் பாதையில், கீழே சாலை, நடுவில் மேம்பாலச் சாலை, அதற்கும் மேலே ரயில் என்று அடுக்கியிருக்கும் ராகிகுட்டா – சில்க் போர்டு பகுதியின் தூண்கள் ஏன் அவ்வளவு பருமன் என்று கேட்பவர்களுக்கும் நான் இதையே சொல்வதுண்டு.

இவற்றோடு நடைமேடைத் தரையின் பங்கையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். நாம் நிற்கும் தரை பெரும்பாலும், அடியில் கேபிள்கள் ஓடும் வெற்றிடத்தின்மேல் பரப்பிய மெல்லிய தளம். அது உத்திரத்தைவிட எளிதாக அதிரும். கூட்டத்துக்கு அது போதுமா என்று பயப்பட வேண்டாம். மக்கள் கூடும் இடங்களின் தளத்துக்குச் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 500 கிலோ சுமை என்று இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 விதிக்கிறது; ஒரு சதுர மீட்டரில் ஆறு பேர் நெருக்கியடித்து நின்றாலும் 420 கிலோவைத் தாண்டுவது அபூர்வம், அதற்கும் மேல் பாதுகாப்புக் காரணிகள் தனியே சேர்க்கப்படுகின்றன. இன்னொன்றையும் அனுபவத்தில் கண்டிருக்கிறேன். ‘ஸ்டேஷனே ஆடுது சார்’ என்று மக்கள் காட்டிய இடங்களில் பாதி, பிடிப்பு விட்ட தரை ஓடு, திருகு தளர்ந்த கைப்பிடிக் கம்பி, காற்றில் படபடக்கும் கூரைத் தகடு ஆகியவற்றின் சத்தம்தான். காதில் விழும் சத்தத்தைக் காலும் தன் கணக்கில் எழுதிக்கொள்ளும்.

மெஜஸ்டிக் கதை வேறு. கப்பன் பூங்காவிலிருந்து மெஜஸ்டிக்கைக் கடந்து போகும் 4.8 கிலோமீட்டர் சுரங்கப் பகுதியில் (2016 ஏப்ரலில் திறந்தது) ரயில் தளம் பூமியின்மேல் உட்கார்ந்திருக்கிறது. சுவர்களை நாற்புறமும் மண்ணும் பாறையும் அணைத்திருக்கின்றன. வளைவதற்கு அங்கே இடமே இல்லை. ஆனால் சுரங்கத்தில் அதிர்வு உண்டாகவே இல்லை என்று எண்ணிவிடாதீர்கள். சக்கரமும் தண்டவாளமும் உரசி எழுப்பும் வேகமான அதிர்வு அங்கே மண் வழியாகப் பரவி, மேலே உள்ள வீடுகளில் ஒரு மெல்லிய உறுமலாக வந்து சேரலாம். அதைக் குறைக்கத் தண்டவாளத்துக்கடியில் ரப்பர் மெத்தைகள் வைப்பார்கள். மேலே கட்டினால் பயணி உணர்வார், கீழே தோண்டினால் மேல்வீட்டுக்காரர் உணரக்கூடும். வலிமையை ஒப்பிட இந்த வேறுபாடு உதவாது.

கான்கிரீட் உத்திரங்கள் தூணோடு ஒட்டி வார்க்கப்படாமல், நடுவே தாங்கிகள் வைக்கப்படுவது பலருக்கு வியப்பாக இருக்கும். ரப்பரும் எஃகுத் தகடும் மாறிமாறி அடுக்கிய பலகை, அல்லது எஃகுக் கிண்ணத்துக்குள் ரப்பர் அடைத்த அமைப்பு. தளத்தில் எல்லோரும் ‘பேரிங்’ என்றுதான் சொல்வார்கள். வெயிலில் நீள்வதற்கும், சுமையில் சற்றுத் திரும்புவதற்கும் உத்திரத்துக்கு அது இடம் கொடுக்கிறது. கான்கிரீட் ஒரு டிகிரி வெப்பத்துக்குப் பத்து லட்சத்தில் சுமார் 12 பங்கு நீளும். 140 மீட்டர் நீளமான தளத்தில், தை மாத விடியலுக்கும் சித்திரை மதியத்துக்கும் நடுவே 20 டிகிரி மாறினால், அது ஏறத்தாழ 34 மில்லிமீட்டர். அதை அடைத்து வைத்தால் கான்கிரீட் எங்காவது பிளந்து தன் இடத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். நடைமேடையில் குறுக்கே ஓடும் உலோகப் பட்டையைப் பார்த்திருப்பீர்கள். அடியில் விரிவதற்கான இடைவெளி இருக்கிறது. அதைக் காட்டி விரிசல் என்று புகார் எழுதிய ஒருவருக்கு நான் ஒருமுறை மூன்று பக்கம் பதில் எழுதியிருக்கிறேன். அவருக்குத் திருப்தி உண்டானதாகத் தெரியவில்லை.

மும்பையில் இருந்த காலத்தில், தாராவியில் இருந்த என் சித்தப்பா வீட்டுக்குப் போய்வருவேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரை அழைத்துக்கொண்டு சாண்ட்ஹர்ஸ்ட் ரோடு நிலையத்துக்குப் போனேன். அங்கே ஹார்பர் பாதையின் நிலையம் மேல்தளத்தில், எஃகுத் தூண்கள்மேல் நிற்கிறது. 1921-இல் கட்டியது, தூண்களில் கிளென்கார்னக் ஸ்டீல் என்று அதை வார்த்த ஸ்காட்லாந்து ஆலையின் பெயர் இன்னும் படிக்கத்தக்கதாக இருக்கிறது. 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸிலிருந்து குர்லாவுக்குப் போன இந்தியாவின் முதல் மின்சார ரயில் இந்த வழியாகத்தான் போனது. கீழே நின்று தூணில் கை வைத்துப் பாருங்கள் என்று சித்தப்பாவிடம் சொன்னேன். மேலே லோக்கல் வந்ததும் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். எஃகு அமைப்பு கான்கிரீட்டைவிட எடை குறைந்தது. அதனால் அதிர்வும் சத்தமும் அதில் அதிகம். நூறாண்டுக்கும் மேலாக அது தினந்தினம் அப்படித்தான் அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த வயது பலத்துக்குச் சான்று ஆகிவிடாது. இடையிடையே பார்த்துப் பராமரித்தவர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. ஆனால் அதிர்வையும் ஆயுளையும் ஒன்றோடொன்று முடிச்சுப் போடக்கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

இதுவரை சொன்னவற்றில் எனக்கு ஐயமில்லை. இனி வருவது, வாய்விட்டுக் கேட்காத அந்த மூன்றாவது கேள்வி. இங்கே கவனமாகப் பேச வேண்டும். கான்கிரீட் அமைப்புகளில் உண்மையான கோளாறு பெரும்பாலும் சத்தமில்லாமல் இருக்கும். 2018 டிசம்பரில், உங்களுக்கு அடுத்த நிலையமான டிரினிட்டிக்கு அருகே, 155-ஆம் எண் தூணின் மேலுள்ள கான்கிரீட்டில் தேன்கூடு போன்ற பொள்ளல் இருப்பது தெரியவந்து, எஃகுத் தாங்கல்கள் கொடுத்து, எம்.ஜி. ரோட்டுக்கும் இந்திரா நகருக்கும் இடையே சில நாட்கள் ரயிலை நிறுத்திச் சரிசெய்தார்கள். கம்பிகள் நெருக்கமாக இருக்கும் இடத்தில், ஈரக் கான்கிரீட்டை அதிர்த்து இறுக்கும் வைப்ரேட்டர் சரியாக எட்டாவிட்டால் ஜல்லிக்கு நடுவே சிமெண்ட் பால் இறங்காமல் ஓட்டைகள் நின்றுவிடும். தளத்தில் ‘ஹனிகோம்’ என்பார்கள், எல்லாக் கொத்தனார்களுக்கும் தெரிந்த வியாதி. ரயில் ஓடத் தொடங்கி ஏழு ஆண்டுகள் கழித்து அது வெளிப்பட்டது என்பதை நான் மறைக்க விரும்பவில்லை. அத்தனை ஆண்டும் அந்தத் தூணைக் கடந்து போன பயணிகள் யாருக்கும் காலடியில் வேறுபாடு தெரிந்திருக்க வழியில்லை. கால் சொல்லும் சாட்சியம் எவ்வளவு குறைவானது என்பது இந்தப் பக்கத்திலிருந்தும் புலப்படுகிறது: அதிர்வு இருப்பதால் ஆபத்து என்று சொல்ல முடியாததைப் போலவே, அதிர்வு இல்லாததால் எல்லாம் நலம் என்றும் சொல்ல முடியாது.

2009 ஜூலை 12 அன்று டெல்லி ஜம்ருத்பூரில், கட்டுமானத்தில் இருந்த மெட்ரோ பாலம் இடிந்து உயிர்கள் போயின. ஒருபக்கமாகக் கை நீட்டிய தூண் அது. அதன் தலையில் முன்னமே விரிசல் கண்டிருந்தார்கள். கை நீட்டிய உத்திரத்தில் இழுவிசை மேற்பக்கத்தில் வரும். ஆகவே கவலைப்பட வேண்டிய விரிசலும் மேலேதான் தொடங்கும். கீழே சாலையில் நின்று பார்ப்பவர் கண்ணுக்கு அது படாது. ஏணி வைத்து, வெளிச்சம் அடித்து, பக்கத்தில் போய்ப் பார்க்கும் ஆய்வாளர்தான் அதைக் காண முடியும். பெங்களூரிலேயே 2023 ஜனவரி 10 அன்று நாகவாராவில் தூணுக்காகக் கட்டி நிறுத்திய கம்பிக்கூடு சாலையில் சரிந்து ஒரு தாயும் குழந்தையும் இறந்ததை உங்கள் அம்மாவும் கேள்விப்பட்டிருக்கக்கூடும். அது கான்கிரீட் வார்ப்பதற்கு முந்தைய கட்டத்தில் நடந்த கொடுமை. கட்டி முடித்து, எடை ஏற்றிச் சோதித்து, பாதுகாப்பு ஆணையரின் அனுமதி பெற்று ஓடும் பாதையையும், கட்டிக்கொண்டிருக்கும் பாதையையும் ஒரே தட்டில் வைத்து நிறுக்கக்கூடாது. என் தொழில் கணக்கில் ரயிலில் ஏறுவதைவிட, கட்டுமானத்துக்குக் கீழே வண்டியை நிறுத்துவதற்குத்தான் நான் யோசிப்பேன்.

பயணி கண்ணுக்குப் படக்கூடியவை சில உண்டு. தூணிலோ உத்திரத்திலோ துருக்கறை ஒழுகிய கோடு, நீர் கசிந்து வெள்ளையாகப் பூத்த திட்டு, கான்கிரீட் உதிர்ந்து கம்பி தெரிவது, விசிட்டிங் கார்டின் ஓரம் நுழையும் அளவுக்கு அகன்ற விரிசல். சாதாரணச் சூழலில் 0.3 மில்லிமீட்டர் வரையிலான விரிசலை ஐஎஸ் 456 பொறுத்துக்கொள்கிறது. அட்டையின் தடிமனும் ஏறத்தாழ அவ்வளவுதான். இவற்றில் எதைக் கண்டாலும், தூணில் எழுதியிருக்கும் எண்ணோடு படமெடுத்து, நிலையக் கட்டுப்பாட்டாளரிடம் காட்டுங்கள். ‘அங்கே எங்கோ’ என்று சொன்னால் யாரும் தேட மாட்டார்கள். எண் இருந்தால் மறுநாளே ஆள் போகும். இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது மாற்றம். ஆறு மாதமாக ஒரே மாதிரி இருந்த நடுக்கம் திடீரென்று கூடினாலோ, முன்பு இல்லாத ‘டங்’ என்ற இடி ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரே இடத்தில் கேட்டாலோ, அது தாங்கியோ இணைப்போ பிசகியதால் இருக்கலாம். தண்டவாளத்தின் சிறு கோளாறாகவும் இருக்கலாம். கேட்டதை வைத்து இரண்டையும் பிரித்தறிய எனக்கே முடியாது. தினமும் ஒரே இடத்தில் நிற்கும் பயணிக்குத்தான் அந்த மாற்றம் முதலில் தெரியும், அந்த வகையில் உங்கள் கால் பயனுள்ள கருவிதான்.

அளந்து பார்க்க ஆசை இருந்தால் கைப்பேசியே போதும். முடுக்கத்தை வரைகோடாகக் காட்டும் இலவசச் செயலிகள் இருக்கின்றன. கையில் பிடிக்காமல், கூட்டம் இல்லாத நேரத்தில், மஞ்சள் கோட்டுக்கு வெகு உள்ளே தரையில் வைத்துவிட்டு ஒரு ரயில் வந்து போகும்வரை காத்திருங்கள். தூணுக்கு நேர்மேலே ஒருமுறை, இரண்டு தூண்களுக்கு நட்டநடுவே ஒருமுறை. நடுவில் அதிகமாகவும் தூணருகே குறைவாகவும் வந்தால், தளம் எப்படி நடந்துகொள்ள வேண்டுமோ அப்படியே நடந்துகொள்கிறது. கைப்பேசியின் எண்களை இடத்துக்கு இடம் ஒப்பிடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மேலே நான் சொன்ன வரம்புகளோடு அவற்றை வைத்து வாதாட வேண்டாம், அதற்கு அளவு சரிபார்த்த கருவி வேண்டும்.

அம்மாவைப் பற்றி ஒரு யோசனை. கணக்குச் சொல்லி யாருடைய பயத்தையும் நான் போக்கியதில்லை. மறுபடி அழைத்துப் போகும்போது, முதலில் சாலையிலேயே நிறுத்தி, தலைக்கு மேலே ரயில் போவதைக் காட்டுங்கள். தூணில் கை வைத்துப் பார்க்கட்டும். பிறகு மேலே போய், தூணுக்கு நேரே உள்ள இடத்தில், உட்கார வைக்காமல் நிற்க வையுங்கள். இருக்கையின் வழியாக அதிர்வு முதுகுக்கு நேராக ஏறும், நின்றால் முழங்கால் பாதியை விழுங்கிவிடும். ரயில் வருவதற்குச் சற்று முன்பே ‘இதோ இப்போது நடுங்கும்’ என்று சொல்லிவிடுங்கள். என் மாமியார் மூன்றாவது ரயிலுக்கு அதை எனக்கு முன்பே சொல்லத் தொடங்கிவிட்டார்.